ராணுவ வீரர் நினைவிடம்: சிலையா, தூணா, பெயர்ச்சுவரா?

ஜூலை 2 (கேள்வி)

எங்க ஊரு வேலூர் பக்கம். வீட்டுக்கு ஒருத்தர் மிலிட்டரில இருக்கிற ஊருன்னு சொல்லிக்கலாம். சர்வீஸ்ல இறந்துபோனவங்களுக்காக பஸ் ஸ்டாப் பக்கத்துல பஞ்சாயத்து இடத்துல நினைவிடம் கட்டலாம்னு முடிவாயிருக்கு. துப்பாக்கி பிடிச்ச ஜவான் சிலை 12 அடி, பக்கத்துல சின்னதா ஒரு பீரங்கி மாடல், கொடிமரம், சுத்தி எஸ்.எஸ். கிரில். ஆகஸ்ட் 15 திறப்பு விழா. சிலைக்கு யாரைப் பிடிக்கலாம், எவ்வளவு ஆகும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜூலை 2, ராத்திரி (பதில், இனி வர்றது எல்லாம் பதில் சொல்றவர் எழுதினது)

சிலை செய்றவங்க நம்பர் அப்புறம் பாத்துக்கலாம். இறந்தவங்க பேரு எங்க வரப்போகுது, அத முதல்ல சொல்லுங்க. சிலை, பீரங்கி, கிரில், கொடிமரம் எல்லாம் எழுதியிருக்கீங்க, பேரைப் பத்தி ஒரு வரி இல்ல.

நான் மெட்ராஸ் சாப்பர்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன் (ஆர்மியோட இன்ஜினியர் பிரிவு, எங்க ஆளுங்களை ஆர்மி முழுக்க "தம்பி"ன்னுதான் கூப்பிடுவாங்க). வெளிய வந்தப்புறம் கட்டட வேலை, கல் வேலை சூப்பர்விஷன். இந்த மாதிரி நினைவிடங்களும் நடுவுல பண்ணிருக்கேன். அதனாலதான் சொல்றேன், 12 அடி சிலை வச்சீங்கன்னா அது யாரு? உங்க ஊர்ல இறந்த எந்தப் பையனோட முகமும் அது கிடையாது, மோல்டுல வர்ற முகம். அந்த வீட்டுக்காரங்க வந்து நின்னா எதைத் தொடுவாங்க?

ஜூலை 3

"பேரு பீடத்துல ஒரு கல்வெட்டுல வரும்"னு பதில் போட்டிருக்கீங்க. சரி. அந்தக் கல்வெட்டுல திறந்து வைக்கிறவர் பேரு, முன்னிலை, தலைமை, நன்கொடை கொடுத்தவங்க எல்லாம் வருமா வராதா? வரும்னு எனக்குத் தெரியும். நான் பாத்த பல இடத்துல திறந்து வச்சவர் பேரு நாலு இஞ்ச் எழுத்துல, இறந்தவன் பேரு ஒரு இஞ்ச் எழுத்துல. மனசு தாங்க மாட்டேங்குது. நன்கொடையாளர் பேரு போட்டே ஆகணும்னா பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒரு போர்டு வைங்க. இந்த இடத்துக்குள்ள வேண்டாம்.

ஜூலை 5

சிலை வேண்டாம்னா பின்ன என்னதான் வைக்கிறதுன்னு மேல ஒருத்தர் கோவமா கேட்டிருக்காரு. கோவப்பட வேண்டிய விஷயம்தான், நம்ம பசங்க விஷயம். கொஞ்சம் நீளமா எழுதறேன், படிங்க.

அமெரிக்காவுல வாஷிங்டன்ல வியட்நாம் யுத்தத்துக்கு ஒரு நினைவிடம் கட்டணும்னு 1981ல போட்டி வச்சாங்க. 1,421 டிசைன் வந்துச்சு, யாரு அனுப்பினதுன்னு தெரியாம நம்பர் மட்டும் போட்டு ஜட்ஜுங்க பாத்தாங்க. ஜெயிச்சது மாயா லின்னு ஒரு பொண்ணு, வயசு 21, அப்ப இன்னும் காலேஜ்ல படிச்சிட்டு இருந்துச்சு. அது வரைஞ்சதுல சிலை இல்ல, குதிரை இல்ல, தூண் இல்ல. தரையைச் சரிவா வெட்டி எடுத்து ரெண்டு பக்கமும் கருங்கல் சுவர், ரெண்டும் நடுவுல ஒரு மூலையில சேரும். ஒவ்வொரு சுவரும் 75 மீட்டர் கிட்ட நீளம், ஓரத்துல கணுக்கால் உயரத்துல ஆரம்பிச்சு நடுவுல 3 மீட்டர் வரைக்கும் போகும். அதுல 58,000 பேருக்கு மேல பேரு. அவ்வளவுதான். 1982 நவம்பர்ல திறந்தாங்க.

அந்தக் கல்லு நம்ம பெங்களூர்ல இருந்து போனது, தெரியுமா? எங்க சாப்பர்ஸ் சென்டர் இருக்கிற ஊரு. பளபளன்னு கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ண கருங்கல், அதுல பேரைப் படிக்கிறப்ப படிக்கிறவங்க முகமே பேருங்களுக்கு நடுவுல தெரியும். ஜனங்க பேப்பரை பேரு மேல வச்சு பென்சிலால தேய்ச்சு எடுத்துட்டு வீட்டுக்குக் கொண்டு போவாங்க.

முதல்ல அதுக்கு எவ்வளவு எதிர்ப்பு! கறுப்பா இருக்கு, பள்ளத்துல இருக்கு, அவமானத்தோட தழும்புன்னெல்லாம் திட்டினாங்க, யுத்தத்துக்குப் போயிட்டு வந்தவங்களே சில பேரு திட்டினாங்க. இன்னிக்கு அந்த ஊர்ல ஜனங்க ரொம்பத் தேடிப் போற இடங்கள்ல அது ஒண்ணு. ஏன்னா ஒரு அம்மா வந்து தன் பையன் பேரைக் கையால தொட முடியுது.

ஜூலை 5, கொஞ்ச நேரம் கழிச்சு

மேல எழுதினதுல ஒண்ணு விட்டுப்போச்சு. அந்தப் பேருங்க அகரவரிசையில கிடையாது. இறந்த தேதி வரிசை. அகரவரிசை வைக்கணும்னு பேச்சு வந்தப்ப, ஸ்மித்னு மட்டும் 600 பேருக்கு மேல இருக்காங்க, டெலிபோன் டைரக்டரி மாதிரி ஆயிடும்னுதான் தேதி வரிசை நின்னுச்சு. இதுல பெரிய நன்மை என்னன்னா ஒரே நாள்ல ஒண்ணா செத்தவங்க சுவர்லயும் ஒண்ணாவே இருப்பாங்க. கூட இருந்து பிழைச்சு வந்தவன் போய் நின்னா அவனோட செக்‌ஷன் மொத்தமும் ஒரே இடத்துல. பேரு தேடறதுக்கு வாசல்ல புக்கு இருக்கு, எந்தப் பலகை எந்த வரின்னு அதுல பாத்துக்கலாம்.

உங்க ஊருக்கு கொஞ்ச பேருதான், அதனால தேடற பிரச்சினை இல்ல. தேதி வரிசையே போடுங்க.

ஜூலை 6

"நம்ம நாட்டுல இல்லாததா, ஏன் அமெரிக்கா"ன்னு கேட்டவருக்கு.

டெல்லி தேசிய போர் நினைவுச் சின்னம் 2019 பிப்ரவரி 25ல திறந்தாங்க. டிசைன் பண்ணது சென்னைக்காரங்க, யோகேஷ் சந்திரஹாசனும் அவரோட வீபி டிசைன் லேபும். உலகளவுல போட்டி வச்சு அதுல ஜெயிச்ச டிசைன் அது. நம்ம ஆளுங்க இதை ஏன் பெருசா பேச மாட்டேங்கிறாங்கன்னு எனக்கு ஆதங்கம். இந்தியா கேட் பக்கத்துல 40 ஏக்கர். இந்தியா கேட் 42 மீட்டர் உயரம், அதுக்குப் போட்டியா இன்னொண்ணு உயரமா எழுப்பாம தரையோட தாழ்வா வட்டவட்டமா போட்டிருக்காங்க. அமர் சக்கரம், வீரதா சக்கரம், தியாக் சக்கரம், ரக்‌ஷக் சக்கரம்னு நாலு வட்டம். நடுவுல தூணும் அணையாத ஜோதியும். வீரதா சக்கரத்துல வெண்கலத்துல யுத்தக் காட்சிகள். தியாக் சக்கரத்துலதான் பேருங்க, சக்கரவியூகம் மாதிரி சுவர் சுவரா, கிரானைட்ல தங்க எழுத்துல, திறந்தப்ப 25,942 பேரு. கடைசி வட்டம் முழுக்க மரம், அதுதான் காவல் வட்டம்.

போயிருக்கேன். என் யூனிட்ல கூட இருந்தவன் ஒருத்தன் பேரு அங்க இருக்கு. அந்தச் சுவர்களுக்கு நடுவுல நடக்கிறப்ப பேரு நம்ம கண்ணுக்கு நேரா வருது, கைக்கு எட்டுது. கூட்டம் போயிட்டே இருக்கு, நான் மட்டும் நகர முடியாம நின்னுட்டேன். அவனோட பேசின கடைசிப் பேச்சு ஒரு சின்ன லீவு விஷயம், அதெல்லாம் ஞாபகம் வந்துச்சு. தூணையோ ஜோதியையோ பாக்கிறப்ப எனக்கு அப்படி வரல, பேருக்கு முன்னாடிதான் வந்துச்சு.

இந்தியா கேட்லயும் 13,000 பேருக்கு மேல பேரு வெட்டியிருக்கு. 1931ல திறந்தது, வெள்ளைக்கார ஆர்க்கிடெக்ட் லட்யன்ஸ் டிசைன். ஆனா பெரும்பாலான பேரு அண்ணாந்து பாத்தாலும் படிக்க முடியாத உயரத்துல. அது ராஜ்ஜியத்தோட பெருமைக்குக் கட்டினது, பேரு அதுல ஒரு அலங்காரம். ரெண்டையும் ஒரே நாள்ல நடந்து பாருங்க, யாருக்காகக் கட்டினாங்கன்னு தானா புரியும்.

ஜூலை 9

உயரம் பத்திப் பேச்சு வந்ததால. நான் வேலை பாத்த ஒரு ஊர்ல (ஊரு பேரு வேண்டாம்) 20 அடி தூண் எழுப்பி நாலு பக்கமும் மேல பேரு பொறிச்சிருந்தாங்க. திறப்பு விழா அன்னிக்கு ஒரு பாட்டி கூட்டத்துல வந்து "எம்புள்ள பேரு எங்கய்யா இருக்கு"ன்னு ஒவ்வொருத்தரா கேட்டுச்சு. மேல கை காட்டினாங்க. அதுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. "தெரியலயே சாமி"ன்னு தூணோட அடிப்பாகத்தைத் தடவிட்டுப் போயிடுச்சு. அடிப்பாகத்துல இருந்தது கான்ட்ராக்டர் பேரு.

அன்னிலேருந்து நான் எடுக்கிற வேலையில தரையில இருந்து 2 அடிக்கு மேல, 5 அடிக்குள்ளதான் பேரு வரணும்னு சொல்லிடுவேன். ஒத்துக்கலைன்னா வேலை வேண்டாம்.

ஜூலை 10

கேட்டவர் மறுபடி வந்திருக்காரு. பெரியவங்க சுவருக்குச் சரின்னுட்டாங்களாம், இளைஞர் மன்றம் சிலை இல்லாம விட மாட்டோம்ங்கிறாங்களாம். தம்பி, வாஷிங்டன்லயும் இதே சண்டைதான் நடந்துச்சு. கடைசியில 1984ல மூணு சோல்ஜர் சிலை ஒண்ணு வச்சாங்க, ஆனா சுவர்கிட்ட இல்ல. தள்ளி, மரத்துக்குப் பக்கத்துல, சுவரைப் பாத்த மாதிரி. செத்துப்போன கூட்டாளிங்களை அவங்க தேடிப் பாக்கிற மாதிரி இருக்கும். நீங்களும் அப்படிச் செய்யலாம். ஆள் உயரத்துல, பீடம் இல்லாம தரையிலயே நிக்கட்டும், முகம் பேருங்க பக்கம் திரும்பி இருக்கட்டும். பசங்களுக்கும் சிலை கிடைச்ச மாதிரி ஆச்சு, பேரும் முதலிடத்துல இருக்கும்.

பீரங்கி மாடலை மட்டும் விட்டுடுங்க. பிள்ளைங்க ஏறி உக்காந்து போட்டோ எடுப்பாங்க, அது பிள்ளைங்க தப்பு இல்ல, ஆனா அந்த இடம் அதுக்கில்ல.

ஜூலை 12

நேத்து ராத்திரி தூக்கம் வரல, இதையே யோசிச்சிட்டு இருந்தேன். பேரு வெட்டி கல்லு நடறது நமக்கு வெளியில இருந்து வந்த விஷயமே இல்லையே. செங்கம் பக்கம் எத்தனை நடுகல்! உங்க ஊர்ல இருந்து பஸ்ல போற தூரம்தான். பல்லவர் காலத்துக் கல்லுங்க. எந்த ராஜாவோட எத்தனாவது வருஷம், எந்த ஊர் மாட்டை எவன் ஓட்டிட்டுப் போனான், மீட்கப் போய் செத்தவன் யாரு, எல்லாம் நாலைஞ்சு வரியில இருக்கும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில 2006ல கிடைச்சது இன்னும் பழசு, தமிழ் பிராமி எழுத்து, அதுலயும் ஆள் பேரும் ஆகோள் (மாடு கவர்ற சண்டை) நடந்த ஊரும் இருக்கு. மொத்தமே ஏழெட்டு வார்த்தை.

எடுத்தனூர்ல ஒரு கல்லு. மகேந்திரவர்மன் காலம், 7ஆம் நூற்றாண்டு. வீரன் பக்கத்துல அவன் நாயையும் செதுக்கியிருக்காங்க. நாய் பேரு கோவிவன், ரெண்டு கள்ளனைக் கடிச்சுட்டு எஜமானனோட காவலா நின்னுச்சுன்னு எழுதியிருக்கு. 1,400 வருஷம் ஆச்சு, அந்த நாய் பேரு நமக்குத் தெரியுது.

இப்ப இதைப் பாருங்க. முதல் உலக யுத்தம் முடிஞ்சதும் வெள்ளைக்காரன் நம்ம பக்கம் பல ஊருங்கள்ல ஒரு கல்லு பதிச்சான். வேலூர் மணிக்கூண்டுல இருக்கு, போய்ப் பாருங்க. இந்த ஊர்ல இருந்து 1914–1919 பெரிய யுத்தத்துக்கு இத்தனை பேரு போனாங்க, அதுல இத்தனை பேரு உயிரை விட்டாங்க. வெறும் எண்ணிக்கை. பேரு ஒண்ணு கூட இல்ல. நாய்க்குப் பேரு வெட்டின மண்ணுல மனுஷனுக்கு நம்பர்.

அது அந்தச் சின்னக் கல்லோட போகல. ஈராக்ல பாஸ்ரா நினைவுச் சின்னத்துல வெள்ளைக்கார சிப்பாய் ஒவ்வொருத்தனுக்கும் பேரு இருக்கு, இந்தியச் சிப்பாய்ங்களுக்கு ரெஜிமென்ட் வாரியா எண்ணிக்கை மட்டும் போட்டாங்க, பேரு ஆபீசர்ங்களுக்கு மட்டும். இந்தச் சின்னங்களைப் பாத்துக்கிற காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021ல அறிக்கை விட்டு மன்னிப்பு கேட்டுச்சு. 45,000ல இருந்து 54,000 பேர் வரைக்கும் சமமில்லாம நினைவுகூரப்பட்டாங்க, அதுக்கு மேல குறைஞ்சது 1,16,000 பேருக்கு, 3,50,000 வரைக்கும் கூட இருக்கலாம், பேரே இல்லாம போச்சுன்னு அதுல சொல்லியிருக்கு. இந்தியா, ஆப்பிரிக்கா, எகிப்து ஆளுங்கதான் பெரும்பாலும். அவங்க ஆரம்பத்துல போட்ட கொள்கை என்னன்னா பதவி, இனம், மதம் எதுவும் பாக்காம எல்லாருக்கும் ஒரே மாதிரி. கொள்கை நல்ல கொள்கை. நம்ம தாத்தாங்க விஷயத்துல காப்பாத்தல.

அதனாலதான் நான் பேரு பேருன்னு கத்திட்டு இருக்கேன்.

ஜூலை 12, மறுபடியும்

கொஹிமா (நாகாலாந்துல இருக்கிற ரெண்டாம் உலக யுத்தக் கல்லறை) பத்தி ஒருத்தர் போட்டிருக்காரு, "உங்கள் நாளைக்காக எங்கள் இன்றைக் கொடுத்தோம்" வாசகத்தைச் சுவர்ல போடலாமேன்னு. அழகான வாசகம்தான், ஆனா அது கொஹிமாவோடது, அங்கயே இருக்கட்டும். கொஹிமாவுல நான் சொல்ல நினைக்கிறது வேற. கல்லறைங்க ஒரு பக்கம் இருக்கு, உச்சியில எரியூட்டப்பட்டவங்களுக்குத் தனியா ஒரு நினைவுச் சின்னம், 917 இந்து, சீக்கிய வீரர்கள் பேரு. எரிக்கப்பட்டவனுக்கு மண்ணுல ஒரு இடம் கிடையாது, சுவர்ல இருக்கிற பேருதான் அவனோட இடம். கார்கில் வரைக்கும் நம்ம பசங்களையும் பெரும்பாலும் ஃப்ரன்ட்லயே தகனம் பண்ணிடுவாங்க, வீட்டுக்குத் தந்தி வரும், பெட்டி வரும். 1999க்கு அப்புறம்தான் பாடி ஊருக்கு வர்றது வழக்கமாச்சு. உங்க ஊர்ல 62, 65, 71 யுத்தத்துல போனவங்க இருந்தா அந்தக் குடும்பத்துக்கு சமாதி கூட இருக்காது. அவங்களை முதல்ல தேடிப் போய் விசாரிங்க.

ஜூலை 14

யார் யாரைச் சேக்கிறதுன்னு கமிட்டியில தகராறாம். "எதிரி குண்டுல செத்தவங்க மட்டும்"னு ஒரு கட்சி. நான் இதுல கடுமையா எதிர்க்கிறேன்.

2016 பிப்ரவரியில சியாச்சின்ல பனிச்சரிவு, 19 மெட்ராஸ் பட்டாலியன்ல பத்துப் பேரு செத்தாங்க. 19,000 அடிக்கு மேல. தமிழ்நாட்டுப் பசங்க அதுல இருந்தாங்க. அங்க எதிரி யாரும் சுடல, பனிதான் மூடுச்சு. அவங்களை விட்டுடுவீங்களா?

2019 புல்வாமா, 40 பேரு. தூத்துக்குடி மாவட்டத்துல இருந்து ஒருத்தர், அரியலூர்ல இருந்து ஒருத்தர். அவங்க சி.ஆர்.பி.எஃப். (மத்திய ரிசர்வ் போலீஸ்). உள்துறைக்குக் கீழ வர்றதால டெல்லியில அவங்களுக்கு வேற இடம், சாணக்கியபுரியில தேசிய காவலர் நினைவுச் சின்னம், 2018ல திறந்தது. அரசாங்கத்துக்கு இலாகா வேற வேறயா இருக்கலாம். ஊருக்கு எதுக்கு? ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சவன், ஒருத்தன் ஆர்மி செலக்‌ஷன்ல பாஸானான், இன்னொருத்தன் சி.ஆர்.பி.எஃப்.ல பாஸானான். டெல்லியால ஒண்ணா வைக்க முடியாதவங்களை ஊர்ல ஒரே சுவர்ல வைக்கலாம், சின்ன நினைவிடத்துக்கு அந்த பாக்கியம் இருக்கு.

டிரெய்னிங்ல செத்தவன், கான்வாய் வண்டி கவுந்து செத்தவன், எல்லாரையும் போடுங்க. எப்படிச் செத்தான்னு தரம் பிரிக்கிற வேலை கல்லுக்கு வேண்டாம்.

ஜூலை 15

ஐ.பி.கே.எஃப். (இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படை) கேள்வி வரும்னு எதிர்பாத்தேன், வந்துடுச்சு. 1987ல இலங்கைக்குப் போய் இறந்த ஒருத்தர் பேரும் பட்டியல்ல இருக்காம், "அந்தப் பேரைப் போட்டா நம்ம ஊர்லயே சில பேரு மனசு கஷ்டப்படுவாங்க"ன்னு தயங்கறாங்களாம். தயக்கம் புரியுது. அந்த யுத்தத்துல ஈழத் தமிழ் ஜனங்க பட்ட பாட்டை மறைச்சுப் பேச எனக்கு மனசு வராது. அதே சமயம் அந்தப் பையன் தானா கேட்டுப் போகல, அனுப்பினாங்க, போனான், திரும்பி வரல. மேஜர் பரமேஸ்வரன் 1987 நவம்பர்ல அங்கதான் இறந்தாரு, பரம்வீர் சக்ரா விருது வாங்கினவரு, டெல்லி நினைவுச் சின்னத்துல 21 பேர் மார்பளவுச் சிலையில அவரும் இருக்காரு. கொழும்புலயே இலங்கை அரசாங்கம் ஐ.பி.கே.எஃப்.க்கு நினைவுச் சின்னம் கட்டியிருக்கு.

என் யோசனை, பேரு, ஊரு, பிறந்த வருஷம், இறந்த தேதி, இறந்த இடம். அதோட நிறுத்துங்க. வெற்றி, எதிரி, பழி, வீரமுழக்கம் எதுவும் சுவர்ல வேண்டாம். வியட்நாம் போட்டி விதியிலயும் இது இருந்துச்சு, யுத்தத்தைப் பத்தி அரசியல் கருத்து எதுவும் சொல்லக் கூடாது, எல்லார் பேரும் வரணும். அதனாலதான் அந்த யுத்தம் சரின்னு நினைச்சவனும் தப்புன்னு நினைச்சவனும் ஒரே சுவருக்கு முன்னாடி நிக்க முடிஞ்சுது.

ஜூலை 18

இனிமே கல் வேலை பேசுவோம்.

நீங்க சொன்ன கறுப்பு பாலிஷ் கிரானைட் வாஷிங்டன் குளிருக்குச் சரி. நம்ம ஊர் மே மாசத்துல மேற்கு பாத்த கறுப்புக் கல்லுல மத்தியானம் கை வச்சுப் பாருங்க, வைக்க முடியாது. தொடறதுக்குன்னு கட்டற சுவரைத் தொட முடியாமப் போகும். சுவர் வடக்கு பாத்து இருக்கட்டும். நம்ம பக்கம் ஏப்ரல் கடைசியில இருந்து ஆகஸ்ட் நடுவரைக்கும் மத்தியான சூரியன் வடக்கால போகும், அந்த நாலு மாசம் தவிர மத்த நாள்ல அந்த முகத்துல மத்தியான வெயில் விழாது. அந்த நாலு மாசத்துக்கு ஒரு புங்கமரம், ஒரு வேம்பு. இப்பவே நடுங்க, கட்டடத்துக்கு முன்னாடி மரம். டெல்லிக்காரங்க ஒரு வட்டமே மரத்துக்குக் கொடுத்திருக்காங்க.

தரை ரொம்ப முக்கியம். நம்ம ஜனங்க அங்க செருப்பைக் கழட்டிட்டுத்தான் வருவாங்க, யாரும் போர்டு வைக்க வேண்டியதில்ல. கடப்பா கல்லு போட்டீங்கன்னா வயசானவங்க கால் வெந்துடும். வெளிர் நிறக் கல்லு, சொரசொரப்பா ஃப்ளேம் பண்ணது, பாலிஷ் வேண்டவே வேண்டாம், மழையில வழுக்கும். படி வைக்காதீங்க, சரிவு போதும், ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். வீல்சேர்ல வர்ற ஒரு முன்னாள் வீரர் உங்க ஊர்லயே இருப்பாரு.

பள்ளமா தோண்டறது (மாயா லின் மாதிரி) நம்ம நவம்பர் மழைக்கு வேண்டாம்.

ஜூலை 19

எழுத்து. தங்க பெயின்ட் வெயில்ல நிக்காது, சில வருஷத்துல மங்கும், மறுபடி மறுபடி அடிச்சுட்டே இருக்கணும். பித்தளை எழுத்து ஒட்டினா ராத்திரியில பேத்துட்டுப் போயிடுவாங்க. லேசர் மேலாக்க சுரண்டறதுதான். ஆழமா உளியில வெட்டின எழுத்து இருந்தா பெயின்ட் போனாலும் நிழல்ல படிக்கலாம், கண்ணு தெரியாதவங்க விரல்ல படிக்கலாம். தமிழ்ல ண, ழ, ஞ எல்லாம் சுழி நெருக்கமா வரும், சின்ன எழுத்துன்னா சுழி உடைஞ்சுடும். ஒண்ணேகால் இஞ்சுக்குக் குறையாதீங்க.

தமிழ் மேல, இங்கிலீஷ் கீழ. ரேங்க் போடுங்க, ஆனா சுபேதாருக்குப் பெரிய எழுத்து சிப்பாய்க்குச் சின்ன எழுத்துன்னு போடாதீங்க.

ஜூலை 21

இனிஷியல் பத்தி மறந்துட்டேன். "கே. குமார்"னு வெட்டினா 50 வருஷம் கழிச்சு எந்தக் குமார்னு யாருக்குத் தெரியும்? அப்பா பேரை முழுசா எழுதுங்க. முடிஞ்சா அம்மா பேரும். ஆர்மி ரெக்கார்டுல அப்பா பேருதான் இருக்கும், அம்மா பேரு ஊருக்குத்தான் தெரியும், அத எழுதக்கூடிய ஒரே இடம் உங்க சுவர். சர்வீஸ் நம்பரும் ஓரத்துல சின்னதா இருக்கட்டும், ரெண்டு பேரு ஒரே பேரா இருந்தா அதுதான் பிரிச்சுக் காட்டும்.

தெருப் பேரு வேண்டாம். ஏன்னு உங்களுக்கே தெரியும். தெருவைச் சொன்னா ஜாதியைச் சொன்ன மாதிரி.

இதை இன்னும் வெளிப்படையாவே சொல்றேன். இடம் எதுன்னு கேட்டேன், பஸ் ஸ்டாப்னு சொன்னீங்க, நிம்மதியா இருந்துச்சு. ஊருக்குள்ள ஒரு தெருவுக்குள்ள கட்டியிருந்தீங்கன்னா காலனிப் பையன் பேரு அந்தச் சுவர்ல இருக்கும், ஆனா அவன் அம்மா அங்க வர யோசிக்கும். எல்லாரும் யாரையும் கேக்காம நடந்து வர்ற இடமா இருக்கணும். கிரில்லும் அதே காரணத்துக்காக வேண்டாம். பூட்டு போட்டா சாவி ஒருத்தர் கையில இருக்கும், சாவி இருக்கிறவர் ஊரைப் பிரிச்சுடுவாரு. நம்ம மாநிலத்துல சிலைக்கெல்லாம் கூண்டு போட்டு வச்சிருக்கிறதைப் பாக்கிறோமே, இவங்களுக்கும் அந்தக் கதி வரக் கூடாது. மாடு வராம இருக்க இடுப்பளவு கல் சுவரும் ஆள் மட்டும் வளைஞ்சு நுழையற வழியும் போதும்.

ஜூலை 23

அணையாத ஜோதி வைக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. இந்தியா கேட்ல அமர் ஜவான் ஜோதி 1972 ஜனவரி 26ல ஏத்தினது, 2022 ஜனவரியில புது நினைவுச் சின்னத்து ஜோதியோட சேத்தாங்க. அதுக்குப் பின்னாடி கேஸ் லைன், காவலுக்கு முப்படை ஆளுங்க. உங்க பஞ்சாயத்தால முடியாது, கொஞ்ச நாள்ல அணைஞ்சு கிடக்கும், அணைஞ்ச ஜோதியைப் பாக்கிறது இல்லாததை விடக் கொடுமை.

சுவருக்குக் கீழ முழு நீளத்துக்கும் ஒரு கல் திண்ணை விடுங்க, முக்கால் அடி அகலம். நம்ம ஜனங்க பூ கொண்டுவருவாங்க, அகல் ஏத்துவாங்க, மெழுகுவத்தி வைப்பாங்க, பையனுக்குப் பிடிச்ச பலகாரம் கூட கொண்டுவந்து வைப்பாங்க. நடுகல்லுக்குப் படையல் வச்ச ஜனங்கதானே. வியட்நாம் சுவர்லயும் இப்படித்தான், யாரும் சொல்லாமலே லெட்டர், பூட்ஸ், மெடல், பீர் டின் எல்லாம் கொண்டுவந்து வச்சாங்க, பார்க்காரங்க அத சேகரிச்சுப் பத்திரப்படுத்தினாங்க. திண்ணை இல்லைன்னா கல்லு மேலயே எண்ணெய் ஊத்தும், கறை போகாது. மத அடையாளம் எதுவும் செதுக்காதீங்க, திண்ணை எல்லாருக்கும் பொதுவா இருக்கும். குடிதண்ணி பைப் ஒண்ணு, உக்கார ரெண்டு பெஞ்சு நிழல்ல.

ஜூலை 26

இன்னிக்கு கார்கில் நாள். அந்த யுத்தத்துல செத்தவங்க 527 பேரு. திருச்சி மேஜர் சரவணன் ஞாபகம், 1 பிகார் பட்டாலியன், கார்கில்ல பட்டாலிக் செக்டார். அவர் உடம்பு மலையில இருந்து கீழ வர ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. வேற எழுதத் தோணல.

ஜூலை 30

ஆகஸ்ட் 15க்கு முடியாதான்னு கேக்கறீங்க. முடியாது, முடிக்கவும் வேண்டாம். அவசரத்துல வெட்டின கல்லுல எழுத்துப்பிழை வந்தா ஆயுசுக்கும் இருக்கும். டிஸ்சார்ஜ் புக், பார்ட் டூ ஆர்டர் (ஆளோட விவரத்தை யூனிட் பதியற ஆர்டர்), பென்ஷன் பேப்பர்ல பேரு ஆளுக்கொரு விதமா இருக்கும், வடநாட்டு கிளார்க் கேட்ட மாதிரி எழுதியிருப்பாரு. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல லிஸ்ட் வாங்குங்க, அதை அப்படியே நம்பாம வீட்டுக்கு வீடு போய்க் காட்டுங்க. பேப்பர்ல முழு சைஸ்ல பிரின்ட் போட்டு, குடும்பத்துல ஒருத்தர் கையெழுத்து போட்டப்புறம்தான் கல்லுக்கு உளி. ஆகஸ்ட் 15க்கு மரம் நடுங்க, அந்தக் குடும்பத்துக்காரங்க கையால.

ஆகஸ்ட் 4

லிஸ்ட் அனுப்பினதுக்கு நன்றி. பாத்தேன். 1971ல ஒருத்தர் பேருக்கு நேரா "விவரம் இல்லை"ன்னு இருக்கு, அவர் தங்கச்சி பக்கத்து ஊர்ல வாக்கப்பட்டிருக்குன்னு நீங்களே முன்னாடி எழுதியிருந்தீங்க, போய்ப் பாருங்க.

சுவர் அளவு சொல்லியிருந்தீங்க, இப்ப இருக்கிற பேருக்குச் சரியா வருது. பத்தாது. வலது பக்கம் இன்னும் ரெண்டு பலகை வெறும் கல்லா விடுங்க. சீன எல்லையில கல்வான்ல 2020ல போன 20 பேரை டெல்லியில அடுத்த ஜனவரிக்குள்ள சேத்தாங்க, ராமநாதபுரம் ஹவில்தார் பழனி அதுல ஒருத்தர். இடம் விட்டு வச்சதாலதான் முடிஞ்சுது. உங்க கமிட்டியில அபசகுனம்னு சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. இன்னிக்கும் பார்டர்ல நிக்கிற உங்க ஊர்ப் பசங்க லீவுல வந்தா அவங்களையே கேளுங்க, வெறும் கல்லு விடலாமா வேண்டாமான்னு. அவங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும்.

அந்தப் பலகைங்களை எபாக்ஸி மட்டும் வச்சு ஒட்டாம எஸ்.எஸ். கிளாம்ப்ல மாட்டச் சொல்லுங்க, பின்னாடி கழட்டி எழுத்து வெட்டிட்டு மறுபடி மாட்டலாம். சிற்பி கொட்டேஷன் வந்ததும் இங்க போடுங்க, சதுர அடி ரேட்டும் எழுத்து ரேட்டும் தனித்தனியா வாங்குங்க.